உங்களுக்குத் தெரியுமா? ‘புற்றுநோய்’ என்ற சொல்லை மறைத்த ஊசி

நோயாளிகளின் உடல்நலத்தையே பணயம் வைத்த 22 ஆய்வுகளை ஹார்வர்டின் மயக்கவியல் பேராசிரியர் ஹென்றி பீச்சர் அம்பலப்படுத்தினார். 1966 ஜூனில், ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அவருடைய கட்டுரை வந்தது. அந்த ஆய்வுகளில் ஒன்றைப் படித்தாலே நெஞ்சு பதறும். 22 பேர் உடலில் உயிருள்ள புற்றுநோய்ச் செல்களை ஊசியால் செலுத்தியிருக்கிறார்கள். மருத்துவமனையில் இருந்தவர்களிடம் சொன்னதோ, “கொஞ்சம் செல்கள் போடப்போகிறோம்” என்பது மட்டுமே!

செய்தவர்களின் பெயரை பீச்சர் வெளியிடவில்லை. ஆள்களைத் தண்டிப்பது அவர் நோக்கமல்ல. ஆனால் இதழாசிரியர்களை அவர் விடவில்லை: நெறிதவறித் திரட்டிய தரவு எவ்வளவு பயனுள்ளதானாலும் அச்சேறக் கூடாது என்றார். நியாயமான பிடிவாதம். ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை மருத்துவ இதழ்கள் இன்று கேட்டு வாங்குகின்றன.