பெண்கள் இடமா, பொது இடமா: கணினி முதலில் எதைப் பார்க்கிறது?

ஐஐடி, என்ஐடி இடங்களை நிரப்பும் ஜோசா கவுன்சலிங்கில் மாணவர்கள் தங்கள் சாய்ஸ்களை, அதாவது விருப்பங்களை, வரிசைப்படுத்திப் பதிவு செய்கிறார்கள். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: "என் மகளின் ரேங்குக்குச் சென்னை ஐஐடியில் கணினி அறிவியல் கிடைக்க வாய்ப்பில்லை. ஆசைக்காக அதை முதல் சாய்ஸாகப் போட்டால், கிடைக்கக்கூடிய இடமும் கைநழுவிப் போகுமா?"

போகாது. தைரியமாகப் போடச் சொல்லுங்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கை டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-ல் எழுதினார்கள். ஒவ்வொரு மாணவரும் தன் முதல் விருப்பத்தைக் கேட்கிறார். படிப்புப் பிரிவு, ரேங்க் வரிசையில் முன்னால் இருப்பவர்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பப்பட்டவர் அடுத்த விருப்பத்துக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே இருப்பவரைவிட இவர் ரேங்க் மேலானது என்றால், இருப்பவர் எழுந்து இவருக்கு இடம் விட வேண்டும். எல்லோரும் கேட்டு முடிக்கும்வரை எந்த இடமும் யாருக்கும் உறுதியில்லை. அதனால், மேலே ஒரு கனவைக் கேட்டுவிட்டுத் தாமதமாக வந்தவருக்கு நஷ்டமில்லை. இதற்காகவும், இதிலிருந்து வளர்ந்த ஆய்வுக்காகவும் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகள் 2005 வரை வேறு முறையை வைத்திருந்தன. அதில் முதல் சாய்ஸ் தவறிப்போனால் இரண்டாவதும் அதற்குள் நிரம்பியிருக்கக்கூடும். பெற்றோர் பயந்து பயந்து பொய்யாகப் பட்டியல் போட்டார்கள். நம் வீடுகளில் இருக்கும் பயமும் அதேதான். ஆனால் ஜோசாவில் அதற்கு இடமில்லை.

இந்தியாவுக்கு வரும்போது அந்தக் கணக்கு இவ்வளவு எளிதாக இல்லை. 2015-ல் ஐஐடி, என்ஐடி இடங்களை ஒரே கவுன்சலிங்கில் நிரப்பத் தொடங்கியபோது, கான்பூர் ஐஐடியின் சுரேந்தர் பாஸ்வானா, கரக்பூர் ஐஐடியின் பார்த்த பிரதிம் சக்ரவர்த்தி, மும்பை ஐஐடியின் சரத் சந்திரன், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யஷ் கனோரியா உள்ளிட்டோர்தான் அதற்கான கணினி நெறியை வடிவமைத்தார்கள். சுமார் 80 நிறுவனங்கள், 500-க்கும் மேற்பட்ட படிப்புகள், அவற்றின் மேல் அடுக்கடுக்காக இடஒதுக்கீடு. தங்கள் அனுபவத்தை 2019-ல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்தது இது: ஒவ்வொரு படிப்பையும் பொது, ஓபிசி, எஸ்சி, எஸ்டி என்று தனித்தனிப் படிப்புகள் போலப் பிரித்தார்கள். எஸ்சி மாணவர் ஒரு படிப்பைக் கேட்டால், கணினி அவரை முதலில் பொது இடத்தில் போட்டியிட வைக்கும். அங்கே கிடைக்காவிட்டால்தான் எஸ்சி இடத்துக்கு அனுப்பும். ஓபிசி இடங்கள் மிஞ்சினால் அவை பொது இடங்களாகின்றன. ஆனால் மிஞ்சிய இடத்தை அடுத்து நிற்பவருக்கு அப்படியே கொடுத்தால், அவரைவிட நல்ல ரேங்க் எடுத்தும் தாழ்ந்த சாய்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அநீதி. அதனால் பொது இடங்களைக் கூட்டிவிட்டு முழுக் கணக்கையும் முதலிலிருந்து மறுபடி ஓட்டுகிறார்கள், இனி மாற்ற ஒன்றுமில்லை என்று ஆகும்வரை. எஸ்சி, எஸ்டி இடங்கள் இப்படிப் பொதுவுக்கு மாறுவதில்லை.

இப்போது பெண்களின் இடங்கள். 2016-ல் ஐஐடிகளில் சேர்ந்தவர்களில் பெண்கள் சுமார் 8 சதவீதம்தான். அதை உயர்த்த 2018-லிருந்து கூடுதல் இடங்கள் வந்தன: இலக்கு அந்த ஆண்டு 14 சதவீதம், 2019-ல் 17, 2020-ல் 20. இது நல்ல முடிவு, தாமதமாக வந்த முடிவும்கூட. ஆனால் அறிவிப்புகள் பெரிதாகச் சொல்லாத ஒரு விதி இதில் இருக்கிறது. எஸ்சி மாணவருக்குப் பொது இடம் முதலில், ஒதுக்கீட்டு இடம் பிறகு என்றிருக்கும் வரிசை, பெண்களுக்குத் தலைகீழாகிறது. மாணவி முதலில் பெண்கள் இடத்துக்குப் போகிறார். அது கிடைக்காவிட்டால்தான் பொது இடத்துக்கு.

என்ன பெரிய வித்தியாசம்? ஒரு படிப்பில் 10 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பொது, இரண்டு பெண்களுக்கு. கேட்பவர்களில் 2, 5, 12, 15 ஆகிய ரேங்குகள் பெண்கள், மற்றவர்கள் ஆண்கள். பெண்கள் இடத்தை முதலில் பார்த்தால், 2-ம் 5-ம் அந்த இரண்டையும் எடுத்துவிடுவார்கள். பொது எட்டும் 1, 3, 4, 6, 7, 8, 9, 10 என்று ஆண்களுக்கே போகும். மொத்தம் பெண்கள் இரண்டு பேர். வரிசையை மாற்றிப் பாருங்கள். பொது எட்டில் 1 முதல் 8 வரை உட்காருவார்கள், அதிலேயே இரண்டு பெண்கள். பெண்கள் இடங்கள் 12-க்கும் 15-க்கும் போகும். மொத்தம் நான்கு பேர். இடங்கள் அதே பத்து, ரேங்குகளும் அதேதான்.

முதல் வரிசையில் ஒதுக்கீடு ஒரு குறைந்தபட்ச அளவு மட்டுமே: தங்கள் ரேங்கால் வரும் பெண்கள், அந்த எண்ணிக்கையைத் தாண்டாதவரை, அதற்குள்ளேயே கரைந்துவிடுவார்கள். இரண்டாவதில், ரேங்கால் வந்தவர்களுக்கு மேல் ஒதுக்கீடு சேரும். சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டில் இந்த இரண்டாவது முறைதான் சரி என்று 1992-ல் இந்திரா சாஹ்னி தீர்ப்பு உறுதிப்படுத்தியது. பெண்களுக்கான ஒதுக்கீட்டை நீதிமன்றங்கள் குறைந்தபட்ச உறுதியாகவே பார்த்து வந்திருக்கின்றன என்பதால், ஜோசாவின் வரிசை சட்டத்துக்கு முரணானது என்று நான் சொல்லவில்லை. என் மனக்குறை வேறு. "கூடுதல் இடங்கள்" என்று கேட்கும் குடும்பம், ஏற்கெனவே கிடைப்பதற்கு மேல் என்றுதான் புரிந்துகொள்கிறது. அந்த இடங்களின் அதிகாரபூர்வப் பெயரோ "பெண்களுக்கு மட்டும், கூடுதல் இடங்கள் உட்பட". 'உட்பட' என்றாலே கூடுதல் அல்லாத இடங்களும் அதற்குள் இருக்கின்றன. 2020-க்குப் பிறகு ஐஐடிகளில் பெண்களின் பங்கு ஆண்டுதோறும் 20 சதவீதத்தை ஒட்டியே நிற்பதைச் சாதனையாகக் காட்டுகிறார்கள். நாளை மாணவிகள் இன்னும் நல்ல ரேங்க் எடுத்தாலும் இந்த எண் எளிதில் நகராது.

நீங்களே சரிபார்க்கலாம். ஜோசா வெளியிடும் தொடக்க, இறுதி ரேங்க் பட்டியலில் ஒரு படிப்பை எடுங்கள். பெண்கள் வரிசையின் தொடக்க ரேங்க், பொது வரிசையின் இறுதி ரேங்கைவிட மேலானதாக இருந்தால், அந்த மாணவி பொது இடத்திலேயே வந்திருக்கக்கூடியவர். அவர் பெண்கள் இடத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறார். அந்த இடத்துக்குக் காத்திருந்த இன்னொரு மாணவி வெளியே நிற்கிறார். வரிசையை மாற்றி அதே நிரலை ஒருமுறை ஓட்டினால், எத்தனை பேர் இப்படி வெளியே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தரவு முழுவதும் அவர்களிடம் இருக்கிறது. அந்த எண்ணை 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஆண்டுதோறும் அச்சிட வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பெண்கள் இடம் வேண்டாம், பொது இடம் போதும் என்று மாணவி தேர்ந்தெடுக்க முடியுமா? முடியாது, வரிசையைக் கணினியே வைத்துக்கொள்கிறது.

லாக் செய்ய மறந்துவிட்டால்? கடைசியாகச் சேமித்த பட்டியல் தானாக லாக் ஆகும்.

இடம் கிடைத்தபின் கேட்கப்படும் ஃப்ளோட், ஸ்லைடு? ஃப்ளோட் என்றால் எந்த நிறுவனத்திலும் மேலான சாய்ஸுக்குக் காத்திருக்கலாம். ஸ்லைடு என்றால் அதே நிறுவனத்துக்குள் மட்டும்.

கிடைத்த இடத்துக்குப் பணம் கட்டாமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாமா? கூடாது, கவுன்சலிங்கிலிருந்தே வெளியேற்றப்படுவீர்கள். பணம் கட்டி ஃப்ளோட் கொடுங்கள்.

தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சான்றிதழ் போதுமா? போதாது, உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும், சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில் இந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும்.

திருச்சி என்ஐடியில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் தனி இடம் உண்டா? பாதி இடங்கள் சொந்த மாநிலத்துக்கு.

ஜோசாவில் இடம் கிடைத்தால் அண்ணா பல்கலைக்கழக இடம் தானாக ரத்தாகுமா? ஆகாது, இரண்டும் தனித்தனிக் கவுன்சலிங். ஒரே மாணவர் இரண்டு இடங்களை வைத்திருக்கும் ஓட்டையை ஐஐடிக்கும் என்ஐடிக்கும் இடையே 2015-ல் அடைத்தார்கள்; மாநிலக் கவுன்சலிங்குக்கு அது இன்னும் திறந்தே கிடக்கிறது. எனவே ஜோசாவில் சேர்வது உறுதியானதும் இங்கே வைத்திருக்கும் இடத்தை உடனே விட்டுக்கொடுங்கள். அடுத்த சுற்றில் அது இன்னொரு பிள்ளைக்குப் போகும்.