பீர் காய்ச்சுவதில் குருணையின் பங்கு

நெல்லை அரைக்கும்போது முழு அரிசியுடன் குருணையும் கிடைக்கிறது. நம் ஊர்களில் இது கஞ்சிக்கும் கோழித் தீவனத்திற்கும் பயன்படுகிறது. அமெரிக்காவில் இதே குருணையைப் பீர் ஆலைகள் வாங்குகின்றன. செயிண்ட் லூயி நகரில் 1876-ஆம் ஆண்டு அறிமுகமான பட்வைசர் பீர், பார்லி மால்ட்டுடன் அரிசியும் சேர்த்துக் காய்ச்சப்படுவதாகும். அந்நாட்டில் இதைப் போன்ற பீரை வீட்டிலேயே காய்ச்சுவோரும் உண்டு. அவர்கள் கையாளும் முறையை அறிந்தால், எத்தகைய குருணை இதற்கு ஏற்றது என்பது எளிதில் விளங்கும்.

சட்டம்

அமெரிக்காவில் 1978-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, இரு பெரியவர்கள் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 200 காலன் (சுமார் 757 லிட்டர்) வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலோ, 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றமாகும். எனவே கீழ்க்காணும் முறை விளக்கத்திற்காக மட்டுமே தரப்படுகிறது.

அரிசி சேர்ப்பது ஏன்?

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். அமெரிக்காவில் பயிரான ஆறு வரிசைக் கதிர் பார்லியில் புரதமும் நொதிகளும் அதிகம். புரதம் மிகுந்தால் பீர் கலங்கும். அரிசியில் மாவுச்சத்து மிகுதி. புரதமும் கொழுப்பும் குறைவு. ஆகவே அரிசி சேர்த்த பீர் தெளிவாகவும், வெளிர் நிறமாகவும், மென்மையான சுவையுடனும் அமைகிறது.

மால்ட்டிலுள்ள நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. ஆனால் மாவுச்சத்து முதலில் வெந்து கூழாக வேண்டும். பார்லி 65° செ. வெப்பத்திலேயே கூழாகும். பல அரிசி இரகங்களுக்கு 70° செ.க்கு மேல் தேவை. அவ்வெப்பத்தில் நொதிகள் செயலிழக்கத் தொடங்கும். எனவேதான் அரிசியைத் தனியே வேகவைக்கின்றனர்.

காய்ச்சும் முறை

20 லிட்டருக்கு மால்ட் 2.8 கிலோ, குருணை 1 கிலோ, ஹாப்ஸ் சுமார் 25 கிராம், லாகர் ஈஸ்ட் ஆகியவை தேவை.

1. குருணையை ரவைபோல் உடைத்து, 200 கிராம் மால்ட் மாவு கலந்து, 4 முதல் 5 லிட்டர் நீரில் 70° செ.-இல் 15 நிமிடம் வைப்பர். மால்ட் கஞ்சியை இளக்குவதால் அடிப்பிடிப்பது குறையும். பிறகு 30 நிமிடம் கொதிக்க வைப்பர்.

2. எஞ்சிய மால்ட்டை 7 லிட்டர் நீரில் 50° செ.-இல் ஊறவைத்து, கொதிக்கும் கஞ்சியைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். கலவை 65° செ. வந்ததும் 1 மணி நேரம் வைப்பர். ஒரு துளிச் சாற்றில் அயோடின் விட்டால் நீலம் தோன்றக் கூடாது. தோன்றினால் மாவுச்சத்து மீதமுள்ளது எனப் பொருள்.

3. சாற்றை வடித்து, சக்கையை வெந்நீரால் அலசி, ஹாப்ஸ் சேர்த்து 1 முதல் 1½ மணி நேரம் கொதிக்க வைப்பர்.

4. சாற்றை 10° செ. அளவுக்குக் குளிர்வித்து ஈஸ்ட் இடுவர். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் நொதித்து முடியும். பின்னர் 0 முதல் 2° செ. குளிரில் நான்கு வாரம் வைத்தால் தெளியும். சாராய அளவு சுமார் 5 சதம் இருக்கும்.

குருணையின் தரம்

தவிட்டிலுள்ள எண்ணெய் பீரின் நுரையைக் கெடுக்கும். நாளானால் காறல் வாடையும் தரும். எனவே குருணை நன்கு தீட்டிய அரிசியிலிருந்து கிடைத்ததாகவும், புதியதாகவும், கல், வண்டு, பூஞ்சணம் இல்லாததாகவும் இருக்க வேண்டும். இரகத்திற்கு இரகம் வேகும் வெப்பம் மாறுபடும். ஆகவே பல இரகங்களைக் கலக்காமல் தனித்தனியே மூட்டையிடுவது நல்லது.

சக்கை மாட்டுத் தீவனமாகும்

பீர் ஆலைக்கு அருகில் கறவை மாடு வளர்ப்போர், வடித்த சக்கையைத் தீவனமாகப் பயன்படுத்தலாம். உலர் எடையில் இதில் 20 சதத்திற்கு மேல் புரதம் உண்டு. ஆனால் ஈரச் சக்கையில் சுமார் 75 முதல் 80 சதம் நீரே. அதாவது, 4 முதல் 5 கிலோ ஈரச் சக்கை வாங்கினால் உலர்பொருள் 1 கிலோதான் கிடைக்கும். விலை பேசும்போதும், வண்டி வாடகையைக் கணக்கிடும்போதும் இதை மறக்கலாகாது. வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாட்களில் கெட்டுவிடும். தேவைக்கு மட்டும் வாங்கவும். முதலில் சிறிதளவு கொடுத்து, படிப்படியாகக் கூட்டவும். பூஞ்சணம் பிடித்த சக்கையை மாடுகளுக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது.