புளிப்பு ஜலமும் வீட்டுக் குழாயும்

குடிநீருக்கு இந்திய நியமம் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கேரளத்தில் செம்புரைக்கல் பூமியில் தோண்டிய கிணறுகள் பலவற்றில் இவ்வளவு இராது. ஜலம் அமிலத்தன்மை உடையது. அதைக் குடிப்பதனால் மட்டும் கேடில்லை. மோரும் எலுமிச்சம் பழ ரசமும் அதனினும் பன்மடங்கு புளிப்பானவை. கெடுதி குழாயில் இருக்கிறது. இரா முழுதும் தங்கிய புளிப்பு ஜலம் உலோகத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். தொட்டியில் நீலப்பச்சைக் கறை கண்டால் தாமிரம் கரைகிறதென்றும், செங்கறை கண்டால் இரும்பென்றும் அறியலாம். காரீயமோ கறையும் காட்டாது, ருசியும் காட்டாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். காய்ச்சினாலும் நீங்காது. ஆகையால் பழைய காரீயக் குழாயோ ஈயப் பற்றாசோ உள்ள வீடுகளில், காலையில் முதலில் வரும் ஜலத்தைக் கொட்டிவிட்டுப் பின் வருவதையே சமையலுக்குக் கொள்ளவேண்டும். சுண்ணாம்புக்கல் ஜல்லியினூடே ஜலத்தைச் செலுத்தினால் புளிப்புத் தணியும். கல் கரையக் கரையப் புது ஜல்லி இட்டு வருதல் அவசியம்.