ஒலி அட்டையும் அதன் முகவரியும்

1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணினியும், அதைப் பின்பற்றிப் பல நாடுகளில் செய்யப்பட்டு, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கோலாலம்பூரின் இம்பி பிளாசா போன்ற கடைத்தொகுதிகள் வழியாகக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வீடுகளுக்கு வந்துசேர்ந்த ஒத்தியங்கு கணினிகளும், ஒலியைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஊமைகளாகவே பிறந்தவை. பெட்டிக்குள் இருந்த சிறு ஒலிபெருக்கியை இயக்கியது நேரத்தை எண்ணுவதற்கென அமைந்த இன்டெல் 8253 என்னும் சில்லு; அது ஒரு நேரத்தில் ஒரே சுருதியை, அதுவும் சதுர அலையாக, அதாவது மின்னழுத்தம் சட்டென உயர்ந்து சட்டெனத் தாழும் அலையாக மட்டுமே தந்தது; ஒலியின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஆனால் அதே கணினியின் தாய்ப்பலகையில், பிறர் செய்த அட்டைகளைப் பொருத்திக்கொள்வதற்கான செருகுவாய்கள் வரிசையாக விடப்பட்டிருந்தன; ஊமைக் கணினி பாடத் தொடங்கியது அந்த வாய்களின் வழியாகத்தான்.

அந்த வரலாற்றில் பெரும்பங்கு மலேசியாவுக்கு மிக அருகில் நிகழ்ந்தது என்பதை இங்குள்ள வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. நீ ஆன் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த சிம் வோங் ஹூவும் இங் காய் வாவும் 1981இல் சிங்கப்பூரின் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, முதலில் ஆப்பிள் 2 கணினிக்குக் கூடுதல் நினைவகப் பலகை செய்தது; பின்னர் சீனமொழியில் இயங்குவதும், பேச்சையும் மெட்டையும் எழுப்பும் ஒலிப்பலகையை உள்ளேயே கொண்டதுமான கியூபிக் சிடி என்னும் கணினியை உருவாக்கி, அதற்கேற்ற மென்பொருள் அருகியிருந்த காரணத்தால் சந்தையில் தோற்றது. அத்தோல்விக்குப் பின், இசையை மட்டும் தனியே எடுத்து, பிலிப்ஸ் நிறுவனத்தின் எஸ்ஏஏ1099 சில்லுகள் இரண்டைக் கொண்டு, பன்னிரண்டு குரல்களை இடம்வலமாகப் பிரித்துத் தரும் கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டம் என்னும் அட்டையை 1987இல் வெளியிட்டது.

கனடாவின் கியூபெக் நகரிலிருந்து அதே ஆண்டில் வந்த அட்லிப் அட்டைக்கு ஒன்பதே குரல்கள்; இடம்வலப் பிரிவும் இல்லை. எனினும் அதிலிருந்த யமஹாவின் ஒய்எம்3812 சில்லு, ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் அசைத்து ஒலியை உண்டாக்கும் அதிர்வெண் பண்பேற்ற முறையில் இயங்கியது. வீணையின் தந்தியை இழுத்து அசைக்கும்போது சுருதி அசைவதைப் போன்றதே இது. அந்த அசைவு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழும்போது காது அதை அசைவாக உணராமல் புதியதொரு நாதமாகக் கேட்கிறது. எண்பதுகளின் திரையிசையில் ஒலித்த யமஹா டிஎக்ஸ்7 விசைப்பலகையின் மணிநாதமும் இதே முறையில் பிறந்ததாகும்.

அட்லிப் வென்றதற்கு இந்த நாதம் மட்டுமே காரணமன்று. ஒரு மென்பொருள் ஒலி அட்டையோடு பேச வேண்டுமெனில், கணினியின் உள்ளீட்டு வெளியீட்டு முகவரிகளுள் எதில் அந்த அட்டை காத்திருக்கிறது என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அட்லிப்பின் முகவரி, பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 388. விளையாட்டின் நிரல் அம்முகவரியில் சில்லின் எந்தப் பதிவகம் வேண்டுமென்று எழுதி, அடுத்த முகவரியான 389இல் அதற்குரிய மதிப்பை இடும். 1988இல் வெளிவந்த சியரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் நான்காம் பகுதி போன்ற விளையாட்டுகள் இம்முகவரியைக் கற்றுக்கொண்ட பின், புதிய அட்டை எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் 388க்கு மறுமொழி தராவிடில் அது ஊமையாகவே கருதப்பட்டது. கிரியேட்டிவ் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 1989இல் அது வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் தன் பழைய பிலிப்ஸ் சில்லுகளோடு அட்லிப்பின் யமஹா சில்லையும் சேர்த்ததோடு, மனிதக் குரலைப் பதிந்து ஒலிக்கும் திறனையும், விளையாட்டுக் கைப்பிடிக்கான இணைப்பையும் ஒரே அட்டையில் அடக்கியது. குரலை நொடிக்கு 23,000 முறை வரை, முறைக்கு 256 படிகளுள் ஒன்றாக அளந்து ஒலித்த அந்த வேகத்தில், ஒரு நிமிடக் குரலே 1.44 மெகாபைட் நெகிழ்வட்டை ஏறத்தாழ நிரப்பிவிடும். அட்லிப் நிறுவனம் 1992இல் நொடித்துப்போனது.

மேருவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு வீட்டின் பொருளறையில் தப்பியிருக்கும் கணினிக்கு இன்று ஒலி சேர்க்க விரும்புவோருக்கும் அதே விதிதான். எந்த அட்டை நன்றாக ஒலிக்கும் என்பதைவிட, இயக்க விரும்பும் மென்பொருள் எந்த முகவரியைத் தேடும் என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். சவுண்ட் பிளாஸ்டரின் 1.5 பதிப்பில் பிலிப்ஸ் சில்லுகளுக்கான குழிகள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. அவ்விரு சில்லுகளையும் தேடி வாங்கிப் பொருத்தினால், கிரியேட்டிவின் முதல் அட்டைக்கென எழுதப்பட்ட இசையும் அதில் ஒலிக்கும். பழைய சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் தம் வேலை முடிந்ததைச் செயலிக்கு அறிவிக்கும் குறுக்கீட்டுத் தடமாக 7ஐ வைத்திருப்பது வழக்கம். அச்சுப்பொறியும் அதே தடத்தைப் பயன்படுத்துவதால், விளையாட்டு இடமளிக்கும் இடத்தில் அதை 5க்கு மாற்றிவிடுவது நலம். இந்நாட்டின் ஈரக் காற்றில் அட்டையின் தொடுமுனைகள் களிம்பேறுவதும், மின்தேக்கிகள் வயதால் தளர்வதும் இயல்பாகையால், அட்டையைச் செருகும் முன் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். பழைய அட்டைகளுள் சில எதிர்க்குறி 5 வோல்ட் மின்னழுத்தத்தையும் நாடுபவை. புதிய மின்வழங்கிகள் அதைத் தருவதில்லை.

செருகுவாயே இல்லாத மடிக்கணினிக்கு வேறொரு வழி உண்டு. அச்சுப்பொறி இணைப்பின் எட்டுத் தரவுக் கம்பிகளையும் 10,000 ஓம், 20,000 ஓம் என்னும் இரு மதிப்புகள் கொண்ட மின்தடைகளால் ஏணிபோல் கோத்தால், அவற்றில் எழுதப்படும் எண் அதற்கேற்ற மின்னழுத்தமாக மாறும். எண்பதுகளின் கோவாக்ஸ் ஸ்பீச் திங் இந்த அடிப்படையில் அமைந்ததே. கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் சில வெள்ளிக்கு வாங்கும் மின்தடைகளால் இதை ஒருவர் தாமே பற்றவைத்துக்கொள்ளலாம். கற்பதற்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் அரிது. ஆயினும் 388ஐ மட்டுமே அறிந்த விளையாட்டுக்கு இந்த ஏணியால் பயனில்லை. அதற்காக, யமஹா சில்லையே அச்சுப்பொறி இணைப்பில் மாட்டும் ஓபிஎல்2எல்பிடி என்னும் சிறுகருவியை அண்மைக்கால ஆர்வலர்கள் உருவாக்கினர். 388க்குச் செல்லும் எழுத்தை இடைமறித்து அச்சுப்பொறி இணைப்புக்குத் திருப்பும் வேலையைத் துணை மென்பொருள் ஒன்று செய்கிறது. இவ்வாறு இடைமறிக்கும் வசதி 386 செயலியிலிருந்துதான் கிடைக்கிறது என்பதால், அதற்கு முற்பட்ட கணினிகளில் இக்கருவியைப் பயன்படுத்த ஒவ்வொரு விளையாட்டின் நிரலையும் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும்.