விலையும் மதிப்பும் – 17: பழைய போர்ஷேவுக்கு எது நியாய விலை?

புதிய காரின் விலையை அதைத் தயாரிக்கும் நிறுவனம் முடிவு செய்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் விலையை முடிவு செய்யும் அதிகாரம் எவரிடமும் இல்லை. சாதாரணக் குடும்பக் கார் என்றால் ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்துக்கொண்டே வந்து ஏறக்குறையச் சரியான ஒரு தொகையை எட்டிவிடலாம். வேகத்துக்கென்றே உருவாக்கப்பட்ட காரில் அந்தக் கணக்கு எடுபடுவதில்லை. ஒரே ஆண்டில் ஒரே ஆலையில் உருவாகி, ஓடோமீட்டரில் ஒரே தொலைவைக் காட்டும் இரண்டு கார்களுக்கு இடையே விலையில் ஒன்றரை மடங்கு வேறுபாடு நியாயமாகவே இருக்கக்கூடும். அந்த வேறுபாட்டுக்கான காரணம் வெளிப்பார்வைக்குத் தெரியாமலும் போகலாம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நேரும் என்பதை 1970இல் வெளியான ஒரு கட்டுரையில் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் விளக்கியபோது, அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டும் பழைய கார்ச் சந்தைதான். நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய முடியாதவர் இரண்டுக்கும் பொதுவான ஒரு சராசரி விலையையே கொடுக்க முன்வருவார் என்பதும், அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல காரை வைத்திருப்பவர்கள் சந்தையிலிருந்து ஒதுங்கிவிடுவார்கள் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த ஆய்வே அடிப்படை.

இந்த வாதம் எந்த அளவுக்கு உண்மை, வாங்குபவர் அந்த அறியாமையை எவ்வளவு தூரம் குறைத்துக்கொள்ள முடியும் என்பதைப் பார்க்க, பிரிட்டனில் விற்பனைக்கு வரும் போர்ஷே 911 வரிசையின் 996 என்னும் வகை மிகப் பொருத்தமானது. 1963இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட 911, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காற்றால் குளிர்விக்கப்படும் என்ஜினுடன் வந்துகொண்டிருந்தது. 1997இல் அறிமுகமான 996-இல்தான் என்ஜினைக் குளிர்விக்கும் வேலை தண்ணீருக்கு மாறியது. செலவைக் குறைப்பதற்காக, விலை குறைந்த பாக்ஸ்டர் காரின் முன்பாகத்தையும் முகப்பு விளக்குகளின் வடிவத்தையும் நிறுவனம் இதற்கும் பயன்படுத்திக்கொண்டது. பழைய 911 பிரியர்கள் அதை மன்னிக்கவே இல்லை. அந்த மனத்தாங்கலின் பயனாக, நெடுங்காலம் எல்லா 911-களிலும் மலிவானது 996 என்ற நிலை நீடித்தது. ஆனால் அதே எண்ணின் கீழ் வந்த டர்போவும் ஜிடி3-யும் வேறு சாதி: ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த பந்தய வழி என்ஜின் பொருத்தப்பட்ட அவற்றின் விலையைக் காட்டி கரேரா எனப்படும் சாதாரண 996-க்கு விலை சொல்பவர் அறியாதவராக இருக்க வேண்டும், இல்லையேல் எதிரே நிற்பவரை அறியாதவர் என்று எண்ணியிருக்க வேண்டும்.

ஒப்பிடத்தக்கதோடு ஒப்பிடுவதே விலைக் கணிப்பின் முதல் படி. 1997 முதல் வந்த 3.4 லிட்டர் என்ஜினும் 2002ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்த 3.6 லிட்டர் என்ஜினும் வெவ்வேறு. மூடிய கூபேவும் மடக்குக் கூரையுள்ள கேப்ரியோலேயும் வெவ்வேறு. கையால் கியர் மாற்றும் காருக்கும், டிப்ட்ரானிக் எனப்படும் தானியங்கிக் கியர் உள்ள காருக்கும் கேட்பவர்கள் வேறு, விலையும் வேறு. பொதுவாகக் கையால் கியர் மாற்றும் கூபேவுக்கே சந்தையில் கிராக்கி. அதைவிட முக்கியமானது, விளம்பரத்தில் கேட்கப்படும் விலை வேறு, கைமாறிய விலை வேறு என்பது. நான்கு மாதமாக ஒரே விளம்பரத்தில் நிற்கும் கார் உணர்த்துவதெல்லாம், அந்த விலைக்கு அதை யாரும் வாங்கவில்லை என்பதுதான். ஏலத்தில் முடிந்த விலைகளை வெளிப்படையாக அறிவிக்கும் இணைய ஏல நிறுவனங்கள் வந்த பிறகு, கைமாறிய விலையை அறிவது எளிதாகிவிட்டது. கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது காகிதம். பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த கார் ஒவ்வோர் ஆண்டும் எம்ஓடி என்னும் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். அச்சோதனைகளின் முடிவை, பதிவெண்ணைக் கொண்டு எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையின்போதும் ஓடோமீட்டர் காட்டிய தொலைவும், தேறினாலும் கவனிக்கப்பட வேண்டியவை என்று சோதனையாளர் குறித்த குறைகளும் அதில் உள்ளன. பலர் தொலைவை மட்டும் பார்த்து, அது பின்னுக்குத் திருப்பப்படவில்லை என்று நிறைவடைந்து மூடிவிடுகிறார்கள். உண்மையில் படிக்க வேண்டியது குறைகளின் பட்டியல். பின் டயரின் உள்விளிம்பு தேய்ந்திருக்கிறது என்ற குறிப்பு ஓர் ஆண்டு இருந்து மறு ஆண்டு மறைந்திருந்தால், உரிமையாளர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார் என்று பொருள். அதே குறிப்பு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்திருந்தால், சர்வீஸ் புத்தகத்தில் எத்தனை முத்திரைகள் இருந்தாலும் அந்தக் கார் கவனிப்பாரற்று ஓடியிருக்கிறது. ஆண்டுக்கு 500 மைல்கூட ஓடாத காரைப் பொக்கிஷமாகக் கருதி அதிக விலை கேட்கும் வழக்கமும் ஆராயப்பட வேண்டியதே. நின்றுகொண்டே இருக்கும் காரில் ரப்பர் சீல்கள் காய்கின்றன, ஆயிலில் ஈரம் சேர்கிறது, டயர்கள் பட்டன் தேயாமலே கெட்டிப்பட்டுப் போகின்றன. டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2313 என்றிருந்தால் அது 2013ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்து டயர், பார்வைக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாற்றியே தீர வேண்டியது.

இனி என்ஜின். சாதாரண 996-இல் உள்ள எம்96 என்ஜினில், கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்குக் கொண்டுசெல்ல இடையில் ஒரு தண்டு உண்டு. அதை இடைத்தண்டு எனலாம். அதன் ஃப்ளைவீல் பக்க முனையைத் தாங்குவது ஒரு சீலிட்ட பால் பேரிங். சீல் தளர்ந்து உள்ளிருக்கும் கிரீஸ் போய்விட்டால் குண்டுகள் தேய்கின்றன. பேரிங் உடைந்தால் வால்வுகளின் கால ஒழுங்கு குலைந்து, அவை பிஸ்டனில் மோதி, என்ஜின் முழுவதும் வீணாகிவிடும். தொடக்க கால என்ஜின்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. ஏறக்குறைய 2000 முதல் ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் 2013இல் சமரசத்தில் முடிந்த கூட்டு வழக்கை ஒட்டி வெளியான கணக்கின்படி, இரட்டை வரிசையில் பழுதானவை சுமார் 1 விழுக்காடு, ஒற்றை வரிசையில் சுமார் 8 விழுக்காடு. பேரிங்கை மாற்றக் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்பதால், கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுவது வழக்கம். ஆகவே விற்பவர் காட்டும் காகிதக் கட்டில் கிளட்ச் மாற்றிய பில் இருந்தால், அதன் அடுத்த வரியில் இந்தப் பேரிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கிய நிலையில் இதை விட்டுவிட்ட உரிமையாளர், வேறு எதையெல்லாம் விட்டிருப்பார் என்பது யோசிக்கத்தக்கது.

விலைபேசுவோர் மிகுதியாகத் தவறு செய்யும் இடமும் இதுவே. பேரிங் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டி இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு குறைக்கச் சொல்கிறார்கள். ஆனால் 996-இன் சந்தை விலை தாழ்ந்திருப்பதற்கு அந்தப் பேரிங் குறித்த அச்சமே ஒரு பெருங்காரணம். ஒப்பிடப்படும் கார்களிலும் பேரிங் மாற்றப்படவில்லை என்றால், அந்த ஆபத்து விலைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. மீண்டும் கழிப்பது ஒரே கடனை இருமுறை வசூலிப்பதாகும்.

பேரிங்குக்கு அஞ்சுவோரில் பலர், அதனினும் செலவு மிக்க ஒரு பழுதைக் கேட்பதே இல்லை. பிஸ்டன் ஏறியிறங்கும் சிலிண்டரின் உட்சுவரில் விழும் நெடுங்கீறல்களே அப்பழுது. ஆயில் அளவுக்கு மீறிக் குறைவது, இரண்டு புகைக்குழாய்களில் ஒன்றில் மட்டும் கரி அதிகமாகப் படிவது, சூடான என்ஜினில் டக்டக்கென்ற ஓசை கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளை வழியே சிறு கேமராவைச் செலுத்திப் பார்ப்பதே உறுதியான சோதனை. பேரிங்கை மாற்றிவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். சிலிண்டர் கீறினால் என்ஜினைப் பிரித்து மறுபடி கட்டுவதைத் தவிர வழியில்லை, அந்தச் செலவு காரின் விலையையே எட்டிவிடக்கூடும். எனவே இந்தச் சோதனை முடியும் முன் எந்தத் தொகையையும் வாயால் சொல்லாதிருப்பது நல்லது.

கையால் கியர் மாற்றும் கார்களில் இன்னொரு சான்றும் கிடைக்கும். ஐந்தாம் கியரிலிருந்து நான்காவதுக்குப் பதில் தவறி இரண்டாவதுக்குத் தள்ளிவிட்டால், சக்கரங்களே என்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். இத்தகைய மீறல்களை என்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல 996 கார்களிலும் அதையடுத்து வந்த 997 கார்களிலும் பதிந்து வைத்திருக்கிறது. என்ஜின் மொத்தம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதும் அதில் உண்டு. ஓடோமீட்டரில் 40,000 மைல், என்ஜின் ஓடியது 1,300 மணிநேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 30 மைலுக்குச் சற்று மேல், இது இயல்பானது. 2,600 மணிநேரம் என்றிருந்தால் சராசரி 15 மைலாகிறது. ஒன்று, கார் நகர நெரிசலிலேயே காலம் கழித்திருக்க வேண்டும், அல்லது ஓடோமீட்டரில் யாரோ கைவைத்திருக்க வேண்டும்.

உடற்பகுதியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஆலையில் அடித்த பெயிண்டின் தடிமன் சுமார் 100 முதல் 150 மைக்ரான்; டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடத்தில் தடிமனை அளக்கும் கருவி பல மடங்கு காட்டும். முன் பம்பரின் இரு மூலைகளிலும் உள்ள திறப்புகளில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே சருகுகள் அடைந்து, மழைநீரில் ஊறி மக்கி, பின்னாலுள்ள ரேடியேட்டரையும் ஏசி கண்டென்சரையும் அரித்துவிடுவது 996-இன் பழைய நோய்.

இவையனைத்தையும் தொகையாக்கும் முறையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 2002ஆம் ஆண்டு 3.6 லிட்டர் கூபே, கையால் மாற்றும் கியர், 70,000 மைல். விற்பவர் கேட்பது 19,500 பவுண்டு. இதையொத்த, நல்ல நிலையிலுள்ள கார்கள் கைமாறிய விலை 18,000 பவுண்டு என்று கொள்வோம். சிலிண்டர்கள் சுத்தம். கிளட்ச் முடியும் தறுவாயில் இருக்கிறது, மாற்ற 1,600 பவுண்டு. டயர்கள் பழசு, மாற்ற 800. கண்டென்சர்கள் அரித்துவிட்டன, 900. மூன்றையும் முழுதாகக் கழித்தால் விற்பவருக்கு அநீதி. ஒப்பிட்ட காரின் கிளட்சும் டயரும் புதியவை அல்ல, பாதி தேய்ந்தவையே. புதியவற்றைப் போட்டபின் வாங்குபவரின் கார் அதைவிட மேம்பட்டுவிடும். எனவே கிளட்சுக்கு 800, டயருக்கு 400 மட்டும் கழிக்க வேண்டும். ஏசி ஒப்பிட்ட காரில் ஒழுங்காக வேலை செய்தது, ஆகையால் அதற்கு முழு 900. பேரிங்குக்குக் கழிவு இல்லை. விற்பவர் கடந்த ஆண்டு பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் செலவழித்த பில்களை நீட்டினால், அவற்றை விலையில் கூட்ட வேண்டியதில்லை. அந்தச் செலவு செய்ததால்தான் அவற்றுக்கென ஏதும் கழிக்கப்படவில்லை. ஆக 18,000-இலிருந்து 2,100 போக, இந்தக் காரின் நியாய விலை 15,900 பவுண்டு. காரை நேரில் கண்ட ஆசைக்கு ஐந்நூறு பவுண்டு சேர்த்துக் கொடுப்பதில் குற்றமில்லை. கேட்ட 19,500-இலேயே விற்பவர் நின்றால் அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.

(தொடரும்)