கழற்றிய அழுக்கு எங்கே போகும்?

காரைக்கால் பெட்ரோல் பங்க்குகளில் நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டத்து வண்டிகளையும் பார்க்கலாம். புதுச்சேரியின் குறைந்த வாட் வரியால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகும் என்பதுதான் காரணம். அந்தக் கணக்கு தெரிந்தவர்கள்தான் பழைய வண்டியை விற்காமல் ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். 15 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், பைக்குக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அப்படியும் புது வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் பழையதை வைத்துக்கொள்வதே லாபம். இவர்களை நம்பித்தான் உதிரிபாகக் கடைகளில் இன்ஜின் சுத்திகரிப்புக் குப்பிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றை டேங்க்கில் ஊற்றினால் மைலேஜ் கூடுமாம். இன்னொன்றை இன்ஜின் ஆயிலில் ஊற்றினால் உட்புறம் பளிச்சென்று ஆகுமாம். இவை பழைய வண்டிக்கு நல்லதா, கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. கேட்க வேண்டியது வேறு: குப்பியில் இருக்கும் ரசாயனம் அழுக்கைக் கழற்றிய பிறகு, அந்த அழுக்கு எங்கே போகும்?

முதலில் டேங்க்கில் ஊற்றும் குப்பி. பெட்ரோல் எரியும்போதும் சூட்டில் ஆவியாகும்போதும் பிசின் போன்ற படிவு உண்டாகிறது. அது இன்ஜெக்டரின் நுண்துளைகளிலும், உள்ளிழு வால்வின் முதுகிலும், எரியறையிலும் ஒட்டிக்கொள்கிறது. துளை அடைபட்டால் எரிபொருள் பனிபோலத் தூவப்படாமல் சொட்டுகிறது. பிக்கப் குறைகிறது, புகை கூடுகிறது. எரியறையில் கரி தடித்தால் இன்ஜினில் 'டக்டக்' என்று தட்டும் ஓசையும் வரலாம். இந்தப் படிவைக் கரைக்க பாலிஈத்தர் அமீன் என்ற வேதிப்பொருள் உண்மையிலேயே உதவுகிறது. அதன் மூலக்கூறு கரியில் ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கிறது, எரியறையின் வெப்பத்தையும் ஓரளவு தாங்குகிறது. இது விளம்பரக்காரர்களின் கற்பனை இல்லை. 1995 முதல் அமெரிக்காவில் விற்கும் பெட்ரோல் அனைத்திலும் படிவு நீக்கும் வேதிப்பொருள் கலந்திருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே முக்கியமானது அழுக்கின் பாதை. பெயர்ந்த படிவு எரியறைக்குள் சென்று எரிந்து, சைலன்சர் வழியாக வெளியேறிவிடுகிறது. ஆகவே படிவு இருக்கும் வண்டிக்கு இந்தக் குப்பி ஓரளவு பயன் தரும். இல்லாத வண்டிக்குப் பணம் மட்டும் வீண். கரைசலில் சிறு பங்கு பிஸ்டனைக் கடந்து ஆயிலில் இறங்கக்கூடும் என்பதால், ஆயில் மாற்றும் நாளுக்குச் சற்று முன்பு இதைப் பயன்படுத்துவது நல்லது.

ஆயிலில் ஊற்றும் குப்பியின் கதை வேறு. 'இன்ஜின் பிளஷ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானும் அழுக்கு நீக்கிகளும் சேர்ந்த கலவை. பழைய ஆயிலில் இதை ஊற்றி, வண்டியை நிறுத்திய நிலையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஆயிலை வடிப்பார்கள். மூன்றரை லிட்டர் ஆயிலில் 300 மில்லி கரைப்பான் கலந்தால் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு நீர்த்துவிடும். அந்த மெலிந்த ஆயில்தான் அப்போது பேரிங்குகளைக் காக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே கழன்ற அழுக்குக்கு ஆயிலை வடிக்கும்வரை வெளியேறும் வழி இல்லாதது. அது ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் கம்பிவலையான ஸ்ட்ரெய்னரை நோக்கித்தான் போகும். ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத இன்ஜினில் கறுப்புக் களிம்பு கட்டிகட்டியாகப் பெயர்ந்து வலையை மூடினால், மேலே கேம்ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறாது. ஒழுங்காகப் பராமரித்த இன்ஜினில் பிளஷ் ஊற்றினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஏனெனில் கழற்ற அங்கே அழுக்கே இல்லை. தேவைப்படாத இடத்தில் பாதுகாப்பாகவும், தேவைப்படும் இடத்தில் ஆபத்தாகவும் இருப்பதே இந்தக் குப்பியின் அடிப்படைக் குறை.

காவிரி டெல்டாவில் அதிகம் ஓடும் இருசக்கர வண்டிகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். 100 சிசி பைக்குகள் பலவற்றில் காருக்கு இருப்பது போன்ற காகித ஆயில் பில்டர் கிடையாது. ஒரு கம்பிவலையும், சுழற்சியால் அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் காவல். அதோடு இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள் அந்த ஆயிலில் சேர்ந்தால் கிளட்ச் தகடுகள் வழுக்கும். அதனால்தான் பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டிலோ ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்தே போகிறது. பிளஷ் ஊற்ற அங்கே சம்ப்பே இல்லை. அந்த வண்டியின் கரி சைலன்சரிலும் புகைபோகும் துளையிலும் சேர்கிறது; கழற்றிச் சுரண்டுவதுதான் அதற்கு வழி.

"பிளஷ் போட்ட பிறகு வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாக ஓடக்கூடும். ஆனால் பிளஷ் போட்ட அன்றே புது ஆயிலும் புது பில்டரும் போடப்படுகின்றன. ஓசை குறைந்ததற்கும் இழுவை கூடியதற்கும் அவையே போதுமான காரணங்கள். இன்னொரு வாதம், "ஏற்கெனவே தேய்ந்த இன்ஜின்தான் கெடுகிறது, பழியைக் குப்பி மேல் போடக்கூடாது" என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. உலர்ந்து சுருங்கிய சீலை அடைத்துக்கொண்டிருந்த களிம்பு போனதும் ஆயில் கசிந்தால், சீலைக் கெடுத்தது பிளஷ் இல்லை. ஆனால் தேய்ந்த இன்ஜினுக்கென்றே விற்கப்படும் பொருள் தேய்ந்த இன்ஜினைத் தாங்கவில்லை என்றால், அதை வாங்குவதற்கு என்ன நியாயம்? தேய்ந்த உலோகத்தை எந்தக் குப்பியும் வளர்க்காது. இன்ஜின் தேய்மானத்தைக் குறைப்பதாக விளம்பரம் செய்த ஸ்லிக் 50 என்ற ஆயில் சேர்க்கைப்பொருளின் மீது, ஆதாரமில்லாத வாக்குறுதி என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996-இல் நடவடிக்கை எடுத்தது.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று குப்பி தேடுபவர்கள் எத்தனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது. 2025-இல் நாடு சராசரியாக 20 சதவீதக் கலப்பை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20-க்காக வடிவமைக்காத பழைய கார்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதமும், பைக்குகளில் 3 முதல் 4 சதவீதமும் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. இந்த இழப்பு அழுக்கால் வருவதில்லை, எனவே எந்தச் சுத்திகரிப்பும் அதை மீட்காது. மேலும் எத்தனாலே ஒரு கரைப்பான். பழைய டேங்க்கில் படிந்த பிசினையும் துருவையும் அது கழற்றி பில்டருக்கும் கார்பரேட்டர் ஜெட்டுக்கும் அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேய்ந்த டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கினால், ஓர் அளவுக்குமேல் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கடலோர ஊரில் பழைய வண்டிக்கு அவசரத் தேவை புது மூடி ரப்பர், புது பெட்ரோல் பில்டர், டேங்க்கை வடித்துக் கழுவுதல். இவற்றின் இடத்தைக் குப்பி நிரப்பாது.

பழைய இன்ஜினைச் சுத்தம் செய்யும் நம்பகமான ரசாயனம் நல்ல ஆயிலிலேயே இருக்கிறது. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் சேர்ந்த அழுக்கு நீக்கிகள் படிவை மெல்லக் கரைக்கின்றன; வேறு சில பொருள்கள் கரித்தூளைக் கட்டிபடாமல் மிதக்க வைக்கின்றன. மிதக்கும் அழுக்கு ஆயிலை வடிக்கும்போது கூடவே வெளியேறுகிறது. ஆகவே பராமரிப்பு வரலாறு தெரியாத பழைய வண்டியை வாங்கியவர், நிறுவனம் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றி, முதல் இரண்டு மூன்று முறை வழக்கமான தூரத்தில் பாதி ஓடியதும் மாற்றிவிடலாம். களிம்பு கெட்டியாக இருந்தால் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைக் கையால் சுத்தம் செய்யச் சொல்லலாம். மண்ணெண்ணெய் ஊற்றி ஓடவிடும் பழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். பிளஷ்ஷில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் அதில் கிடையாது. ஏற்கெனவே பிளஷ் செய்த வண்டியில் ஆயில் விளக்கு எரிந்தால், வீடுவரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே இன்ஜினை நிறுத்துங்கள். விற்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு: குப்பிக்குள் என்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது, நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றதா என்பதைத் தமிழில் அச்சிட வேண்டும். பழைய வண்டியை நம்பிப் பிழைப்பவரின் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் மதிப்பு உண்டு. பிளஷ்ஷுக்கு ஆகும் பணம் அடுத்த ஆயிலைச் சீக்கிரம் மாற்றப் போகட்டும். அழுக்கும் போகும், இன்ஜினும் நிலைக்கும்.