மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் ரமழான் நோன்பும்



ரமழானுக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வழக்கமாக ஷஅபான் மாத இதழின் முதல் பக்கத்தில் நோன்புக் கஞ்சிக்கான நன்கொடை அறிவிப்பைப் போடுவோம். இம்முறை அதை உள்பக்கத்துக்கு மாற்றிவிட்டோம். சென்ற ரமழானில் நடந்த ஒரு சம்பவமே காரணம்.

எழுபது வயதைக் கடந்த ஒரு தாயார். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நோன்பு தொடங்கியதும் காலை மாத்திரையை அப்படியே ஸஹருக்கு மாற்றிக்கொண்டார். ஸஹரில் அவர் சாப்பிட்டதோ இரண்டு வாய்ச் சோறும் தயிரும்தான். அஸருக்கு ஒளுச் செய்யப் போனவர் குழாயடியில் விழுந்துவிட்டார். நோன்புக் களைப்பு என்றே பிள்ளைகள் நினைத்தார்கள். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது, இடுப்பெலும்பும் முறிந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இன்று வரை வாக்கரைப் பிடித்துத்தான் நடக்கிறார். நாங்கள் பார்க்கப் போனபோது, "டாக்டர்ட்ட கேட்டா நோன்பு வைக்கக் கூடாதுன்னு சொல்லிருவாரு, அதான் கேக்கல" என்றார்.

இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. உண்மையில் சர்க்கரை உள்ள எல்லோரையும் மருத்துவர்கள் தடுப்பதில்லை. மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருகிறார்கள். ஏன் மாற்ற வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை அப்படியல்ல. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதை ஸஹரில் முழு அளவில் போட்டுக்கொண்டு பகல் முழுக்கப் பட்டினி இருந்தால், மாலையாகும்போது சர்க்கரை இறங்கத்தானே செய்யும்? அதனால் பெரிய அளவை இஃப்தாருக்கு மாற்றி, ஸஹர் அளவைக் குறைப்பதுதான் மருத்துவர்களின் பொதுவான வழக்கம். எவ்வளவு குறைப்பது என்பதை அவரே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைத்த கணக்கு நமக்கு ஆகாது.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் பிரஷருக்கு அட்டினோலால், மெட்டோபிரலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் இருக்கும். வயதானவர் பேச்சில் தடுமாறுவார், காரணமின்றி எரிந்து விழுவார், அல்லது சுருண்டு படுத்துவிடுவார். அதை நாம் தூக்கம் என்று எண்ணிவிடுகிறோம். அஸர் நேரத்தில் அத்தாவோ நன்னியோ அப்படி இருந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். அதனால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே இருந்தால், பாங்குக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். 300-ஐத் தாண்டினாலும் அப்படியே. இறங்கியிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்சுலின் ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்கால ஆலிம்களில் பெரும்பாலோரின் கருத்து. சந்தேகமிருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்கள் ஆகியோரை மருத்துவர் வேண்டாம் என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தெளிவாகவே சலுகை தருகின்றன. குணமாகக்கூடிய நோய் என்றால் பிறகு கழா. குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயும் முதுமையும் என்றால் ஃபித்யா. ஷாஃபிஈ மத்ஹபில் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம், ஹனஃபியில் அரை ஸாஉ கோதுமை அல்லது அதன் மதிப்பு. சலுகையைத் தந்தவன் அல்லாஹ். ஆனாலும் பல பெரியவர்கள் வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் நோன்பு வைத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இதில் பாதிப் பழி நம்மைச் சேரும். "இன்னைக்கு நோன்பு இல்லையா?" என்று பேரப்பிள்ளைகள் எதிரில் கேட்கிறோம். மதியம் அவர்களுக்கு அடுப்பு மூட்ட முகம் சுளிக்கிறோம்.

இஃப்தாரில் கஞ்சியைக் குறை சொல்ல மாட்டோம். பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நல்ல உணவு அது. அதோடு நாலு வடை, சமோசா, ரோஸ்மில்க் என்று சேரும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு போதும். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் நேரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும், பகலில் நீர்ச்சத்து குறைந்து தலைசுற்றும். தராவீஹ் தொழுகிறவர்களுக்குத் தனியாக நடைப்பயிற்சி தேவையில்லை.

2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் பலருக்கும் வீட்டுக்கே வருகின்றன. கொண்டு வந்து தருகிறவர் நேரத்தை மாற்றித் தர முடியாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையே பார்க்க வேண்டும், நோன்புக்கு முன்பே. பெருநாள் அன்று பழைய நேரத்துக்குத் திரும்புவதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் ஷவ்வால் முழுக்க ரமழான் கணக்கிலேயே மாத்திரை சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறோம்.

தனியாகப் போக முடியாத பெரியவர்களை அழைத்துச் செல்ல, ஷஅபான் கடைசி இரண்டு வாரமும் லுஹருக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஆட்டோ நிற்கும். பெயரை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், பழைய சீட்டு இருந்தால் அதையும். பெண்களுடன் வர எங்கள் மகளிர் குழுவில் ஒருவர் இருப்பார்.